ஆவியாரின் ஊதா விரல்கள்

இந்த மலைக்கு மோட்டார் கார் வந்து முழுதாக ஆறு வருடம் ஆகவில்லை. அதற்குள் அதற்கென்று ஒரு பேயும், அந்தப் பேயை அடக்க ஒரு சாமியாரும் வந்துவிட்டார்கள்! மலைப்பாதையின் அடிவாரத்தில் வண்டிகள் தண்ணீர் நிரப்பும் தொட்டி. அதன் பக்கத்தில் கூடாரம். எதிரே இருபது கார்கள் வரிசையில். சட்டம் படித்த வக்கீல்கூடக் கைகட்டி நின்றார்.

"எஞ்சினைக் குளிர வைக்கிற ரேடியேட்டர் தண்ணியக் குடிக்கிறது, தாகத்துல செத்தவனோட ஆவி. நான் கட்டினா அது வாயத் திறக்காது" என்பார் ஆவியார் என்று பெயரெடுத்த அந்தச் சாமியார்.

காணிக்கை வைத்த வண்டிகள் சுகமாக மலையேறின. வைக்காதவர்களையும் அவர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பெருந்தன்மையாக வண்டியின் முகப்பைக் கட்டித் தழுவி ஆசீர்வதிப்பார். அந்த வண்டிகள் மூன்றாவது வளைவில் தண்ணீர் வற்றிப் புகைந்து நிற்கும். என்னே சக்தி!

ஆஸ்பத்திரி வண்டி ஓட்டும் டிரைவர் அவருடைய பரம பக்தர். போன வாரம் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு மேலே பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அவசரத்தில் பூஜைக்கு நிற்கவில்லை. ஆசீர்வாதம் மட்டும் கிடைத்தது. மூன்றாவது வளைவில் வண்டி படுத்துக்கொண்டது. பின் சீட்டிலேயே குழந்தை பிறந்தது. தாயைக் காப்பாற்றுவதற்குள், கூட வந்த நர்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நர்ஸ், டிரைவரின் சொந்த அக்கா.

"எல்லாம் என் தப்புக்கா. பூஜை போட்டிருக்கணும்" என்று ஒரு வாரமாகப் புலம்பினார் டிரைவர்.

"புலம்பாத. நோயாளிக்கு எவ்வளவு தண்ணி உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு அளக்கிறதுதான் என் வேலை. உன் வண்டிக்கும் அளந்துருவோம்."

மறுநாள் காலையில் அக்கா ஆஸ்பத்திரிக் குவளையால் அளந்து ரேடியேட்டரை நிரப்பினாள். தொட்டியருகே நிற்காமல் உச்சிவரை போய்த் திரும்பினார்கள். மறுபடி அளந்தால், அரை டம்ளர்தான் குறைந்திருந்தது.

"இன்னிக்கு ஆவிக்கு லீவோ என்னவோ" என்றார் டிரைவர். பக்தி அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

அக்கா வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தை எடுத்து, முகப்பிலிருக்கும் ரேடியேட்டரின் அடியில் தண்ணீரை வடிக்கும் சின்னக் குழாயின் திருகில் பூசினாள். பிறகு வண்டியைக் கூடாரத்தின் முன் நிறுத்தச் சொன்னாள்.

"பூஜை வேணாம் சாமி."

"கோபமில்லை தாயே" என்று ஆவியார் முகப்பைத் தழுவினார்.

"எல்லாரும் கொஞ்சம் வாங்க! வண்டிக்கு அடியில பாருங்க!" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அக்கா குனிந்து திருகை அரைச் சுற்று இறுக்கினாள். நின்றது. ஊதாவான தன் விரல்களை உயர்த்திக் காட்டினாள்.

"இப்ப உங்க கையக் காட்டுங்க சாமி."

கட்டைவிரலும் சுட்டுவிரலும் கத்தரிக்காய் நிறம்!

"இது... ஆவியோட ரத்தம்!"

"இருக்கலாம்" என்றார் வக்கீல்.

டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு செத்திருந்தா, எந்த ஆவி மேலய்யா பழியப் போட்டிருப்ப?"

ஆவியார் கூடாரத்தைக்கூடப் பிரிக்காமல் ஓடினார். இருபது டிரைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

அவர் காலில் விழ அத்தனை தடவை குனிந்த முதுகுகளே, வண்டிக்கு அடியில் பார்க்க ஒரு தடவை குனிந்திருந்தால் சுளுக்கியா போயிருக்கும்?