நடுக்க மாத்திரை தின்ற கிடா

மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிப்பவனைவிட அதிகம் தெரிந்த டாக்டர் உலகத்தில் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பேர்ப்பட்ட அறிவாளியாக நான் மதுரையிலிருந்து எங்கள் ஊரான பரளச்சிக்கு பஸ் ஏறினேன். பையில் இரண்டு சரக்கு. ஒன்று, பார்க்கின்சன் நடுக்கத்துக்குப் புதிதாக வந்திருந்த மாத்திரை. இன்னொன்று, அந்த நோய் வந்ததுபோலவே மிருகங்களை விறைக்க வைக்கும் ஊசி மருந்து.

மாத்திரை என் தாய்மாமாவுக்கு. அவருக்குக் கை நடுங்கும். சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி வேட்டியில் இருக்கும். ஆனால் அவரோ, "மாப்ள, ஆடு மாடு எதுக்காச்சும் குடுத்துப் பாத்தியா? மொதல்ல அதச் சொல்லு" என்று மாத்திரையைத் தள்ளிவிட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே ஓர் ஆட்டை விறைக்க வைத்து, மாத்திரை கொடுத்து, நடக்கவிட்டுக் காட்டுவதென்று தீர்மானித்தேன். (கல்லூரியில் எலி கிடைக்கும். எங்கள் ஊர் எலி கூப்பிட்டால் வராது.)

ஆட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் என் மேதைமை. மற்ற ஆடுகள் ஓடின. ஒரு கருப்புக் கிடா மட்டும் தானாக வந்து என் சட்டையை முகர்ந்தது. ஊரில் யாரும் அதை அடிப்பதில்லை, அதனால் பயமில்லை. ஏன் அடிப்பதில்லை என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. ஊசியைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் நான் மாத்திரை கொடுப்பதற்குள், அந்தக் கிடாவுக்கு மாலை போட்டு, நடக்க மாட்டேனென்கிறதே என்று நாலு பேர் தூக்கிக்கொண்டு கருப்பசாமி கோயிலுக்குப் போனார்கள். மாமாவின் நடுக்கம் நிற்க வேண்டுமென்று அத்தை நேர்ந்துவிட்ட கிடா!

மஞ்சத்தண்ணி தெளித்தால் கிடா உடம்பைச் சிலிர்க்க வேண்டும். துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம், அப்புறம்தான் வெட்டு. பூசாரி தெளித்துப் பார்த்தார். குடத்தோடு கவிழ்த்தும் பார்த்தார். கிடா எச்சில் ஒழுக, முதுகு கூனி, அப்படியே நின்றது.

"சாமி ஏத்துக்கிரல" என்றார் பூசாரி. அத்தை அழ ஆரம்பித்தாள். மாமாவின் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்கத் தாங்காமல், "நாந்தான் மாமா ஊசி போட்டேன்" என்று உளறினேன்.

மாமா கிடாவை மெதுவாகச் சுற்றி வந்தார். "ஏலே, அச்சு அசலா என்னையப் போலல்ல நிக்குது!" என்றார். (என் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு பிறகு எவரிடமும் கிடைக்கவில்லை.)

மாத்திரையைப் பொடித்து, வாழைப்பழத்தில் வைத்து, கிடாவின் வாயில் திணித்தேன். ஊரே உட்கார்ந்து என்னைத் திட்டியபடி காத்திருந்தது. வெயில் ஏறியபோது அதன் காது ஆடியது. ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு துளுக்குத் துளுக்கியது பாருங்கள்!

நான் துள்ளிக் குதித்தேன். "உத்தரவு ஆயிருச்சு!" என்று பூசாரி அரிவாளை எடுத்தார். மருந்து வேலை செய்தால் நோயாளியின் தலை போகும் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

மாமா குறுக்கே விழுந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "எனக்காக மருந்து தின்னு பாத்த சீவனப்பா இது. இத வெட்டிட்டு நா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திரை முழுங்குவேன்? சாமிக்கு வேற கிடா தாரேன்." பிறகு, நடுங்கும் கையை மாத்திரைக்காக என்னிடம் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மாமா பல வருடம் தன் கையாலேயே சாப்பிட்டார். கிடா ஊர்ப் பருத்தியையெல்லாம் மேய்ந்து கிழமாகிச் செத்தது. நானும் டாக்டராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது தலைவலி என்று மாத்திரையை நீட்டினால், என் மனைவி, அதாவது அதே மாமாவின் மகள், குறுக்கே வந்துவிடுகிறாள்.

"இருங்க. கிடா தின்னுச்சா?"