கட்டத்துக்குள் சகலை

அன்புள்ள மருமகனுக்கு,

தாய்மாமன் ஆசியுடன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அத்தை சுகம். அவளுடைய முழங்கால் வலியும் முன்னைக்குப் பரவாயில்லை. நான் இணையத் தேடலில் ஐந்தாம் இடத்தில் இருக்கிறேன். வேலை நேரத்தில் உன்னைத் தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்ய அஞ்சி, நிதானமாக மின்னஞ்சலில் எழுதுகிறேன். பிழையாக ஏதும் சொல்லியிருந்தால் வயதைக் கருதிப் பொறுத்துக்கொள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் சும்மா இருக்கக் கூடாது என்று, கறைகளைப் போக்குவது பற்றி எழுத நீதான் எனக்கு ஒரு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தாய். அதை நான் எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். மை, துரு, எண்ணெய், தேநீர் என்று கறைக்கு ஒரு கட்டுரை, கட்டுரைக்குக் கட்டுரை அடிக்குறிப்பு. என் சகலையும், அதுதான் உன் அத்தையின் தங்கை கணவர், தம் சோபாக் கடைக்கு ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறார். அதில் சோபாப் படங்களுக்கு அடியில், போகிற போக்கில், கறை எடுப்பது பற்றியும் நாலு வரி கிறுக்கி வைத்திருக்கிறார். கிறுக்கட்டும், நமக்கென்ன என்றுதான் இருந்தேன்.

போன வாரம் உன் அத்தை காய் நறுக்கும்போது விரலைக் கீறிக்கொண்டாள். மேஜை விரிப்பில் ரத்தம் பட்டுவிட்டது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், வேதியியலில் முதுகலை படித்தவன், கறைக்கென்றே தளம் வைத்திருப்பவன். என்னைக் கேட்கவில்லை. ஃபோனைப் பார்த்து, "ரத்தக் கறை எப்படிப் போகும்?" என்றாள். அதுவும் கொஞ்சமும் கூச்சமில்லாமல், இன்ன சோபாக் கடையின் தளம் சொல்வதாவது, என்று தொடங்கி, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போட்டுக் கசக்குங்கள் என்ற சகலையின் நாலு வரியை என் வீட்டுச் சமையலறையிலேயே வாசித்தது. "அட, நம்ம தங்கச்சி வீட்டுக்காரர்! எவ்ளோ சுருக்கமா சொல்லிட்டார் பாருங்க" என்றாள். "நானும் அதையேதான் எழுதியிருக்கேன்" என்றேன். "நீங்க எழுதினதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள துணியே இத்துப்போயிடும்" என்றாள். முப்பது வருஷம் என் கூடக் குடித்தனம் நடத்தியவள், மருமகனே, இப்படிச் சொன்னாள்.

அன்றிலிருந்து அந்தத் தேடல் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பாடமாகவே படித்துவருகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே சில வரிகள் இருந்தன. பெரிய அறிஞர்கள் போலிருக்கிறது என்று மரியாதையோடு வாசித்தேன். பிறகுதான் விளம்பரம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டேன். அதற்குக் கீழேதான் ஃபோன் வாசித்துக் காட்டிய அந்தக் கட்டம். பதில் முழுவதும் கொட்டை எழுத்தில், பக்கத்தில் படம், அடியில் சகலையின் தளம். யாரும் எதையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை, வாசலிலேயே சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்கு விண்ணப்பம் போட முடியாது, முதல் பக்கத்தில் உள்ளவற்றில் கேள்விக்கு நறுக்கென்று பதில் சொல்லும் பகுதியை அதுவே பொறுக்கி எடுக்கும் என்றாய். அப்படியானால் அது சகலையைப் பொறுக்கியிருக்கிறது. கடை பெயரைப் போட்டுத் தேடினாலோ வலப்பக்கம் இன்னொரு கட்டம். சகலை ஒரு சோபா மேல் கை ஊன்றி நிற்கும் படம், விலாசம், "இப்போது திறந்திருக்கிறது" என்று பச்சை எழுத்து. என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பல் மருத்துவர் வந்தார்.

கட்டத்துக்குக் கீழே, மக்கள் கேட்கும் பிற கேள்விகள் என்று நாலு கேள்வி இருந்தது. ஒன்றைத் தொட்டேன், விரிந்து பதில் காட்டியது. சரி, மீதி மூன்றையும் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவோம் என்று அடுத்ததைத் தொட்டால் கீழே புதிதாக இரண்டு முளைத்தன. அதைத் தொட்டால் இன்னும் இரண்டு. வகுப்பில் ஒரு பையன் கை தூக்கியிருக்கும்போது மணி அடித்தாலும் எழுந்து போனவனில்லை நான், உனக்கே தெரியும். ரத்தக் கறையில் தொடங்கி, துரு, சோபா உறை, பூனை சோபாவைப் பிறாண்டினால் என்ன செய்வது, பூனைக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எங்கேயோ போய்விட்டேன். அத்தை வந்து, "சோறு ஆறிப்போச்சு, என்னதான் பண்றீங்க?" என்றாள். "மக்கள் கேக்கறாங்க" என்றேன். "யாரு, உங்களையா?" என்றாள். எழுந்து சாப்பிடப் போனேன். பூனைக் கேள்விக்கும் பதில் சகலையின் தளத்திலிருந்துதான் வந்திருந்தது.

இன்னொன்றும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வரைபடத்தில் அவருடைய கடைக்கு நேரே நட்சத்திரங்கள் மின்னின. நானும் ஒரு வாடிக்கையாளன்தானே, நியாயமாக இரண்டு போடலாமென்று துணிந்து கையை வைத்தேன். பிறகு, கண்டுபிடித்துவிடுவாரோ என்று மூன்றாக்கினேன். மூன்று போட்டால் காரணம் கேட்பாரே என்று நாலாக்கினேன். நாலுக்கும் ஒரு குறை சொல்ல வேண்டுமே என்று பயந்து ஐந்தாக்கி, "நாற்காலிகள் உறுதியானவை" என்றும் எழுதிவிட்டேன். அது என் பெயரோடும் படத்தோடும் வந்துவிட்டது. சாயங்காலம் சகலை கூப்பிட்டு, "அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்!" என்றார்.

இது பொறாமை இல்லை என்று எழுதிப் பார்த்தேன், வாசிக்க எனக்கே சங்கடமாக இருந்தது, அழித்துவிட்டேன். பொறாமைதான். அவருக்கு வீடு பெரிது, தலையில் முடி அதிகம், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கறை என்னுடையது, மருமகனே. உன் அத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஃபோனைக் கேட்கும்போது அது என் பெயரைச் சொல்ல வேண்டும். "கேள்வியை அப்படியே தலைப்பாப் போடுங்க மாமா, நேர் கீழ ஒரே பத்தியில விஷயத்தைச் சொல்லிடுங்க" என்று நீ சொன்னபடி முன்னுரையை வெட்டிவிட்டேன், அடிக்குறிப்புகளைக் கண்ணீரோடு கடைசிக்குத் தள்ளிவிட்டேன். இன்னும் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் நீ செய். எப்படியாவது என்னை அந்தக் கட்டத்துக்குள் ஏற்றிவிடு.

உன் கண்ணும் முதுகும் கணினியால் கெடாமல் நீடூழி வாழ்க. உன் அம்மாவுக்கு என் அன்பு, அப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: ராத்திரி அனுப்பாமல் வைத்திருந்தேன், இப்போது காலை. மேலே கேட்ட எதையும் செய்யாதே. ஏறிவிட்டேன். எதையும் மறுக்குமுன் எதிர்த்தரப்பை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதானே நாங்களெல்லாம் படித்தோம்? அதனால் தலைப்புக்கு நேர் கீழே, ரத்தக் கறைத் துணியைக் கொதிக்கும் நீரில் போட்டு நன்றாக ஊறவிட வேண்டும் என்று ஊரார் நம்பிக்கையை விரிவாக எழுதி, அது முற்றிலும் தவறு, வெந்நீர் கறையை இறுக்கிவிடும் என்று அடுத்த பத்தியில் மறுத்திருந்தேன். கட்டம் முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டது. உன் அத்தையின் தங்கை, சகலை சவரம் செய்யும்போது ரத்தம் பட்ட புது வெள்ளைச் சட்டையை வேகவைத்துவிட்டாள். "கட்டத்துல அத்தான் தளத்தைப் பார்த்ததும் நம்பிட்டேன் அக்கா" என்று அழுகிறாள். சகலையும் பேசினார்: "என் தளத்துல பச்சைத் தண்ணின்னு சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. ஆனா நீங்க மேல இருந்தீங்களே!" மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க மட்டும் துணிவு வரவில்லை. இந்நேரம் எத்தனை வீடுகளில் சட்டைகள் வெந்துகொண்டிருக்கின்றனவோ. நானே திருத்தப் போனேன், விரல் வரவில்லை. இதைப் பார்த்த உடனே நீ திருத்திவிடு. திருத்துவதற்கு முன் அந்தக் கட்டத்தை ஒரு படம் பிடித்து அத்தைக்கு அனுப்பு. தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், பதில் தெரிய வேண்டாம்.