தண்ணீர்ப் பாட்டிலை அளந்தவர்

உங்களுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாதா? கவலையே வேண்டாம். நீச்சல் கற்றுக்கொடுப்பவர்களுக்கு நாளை முதல் நீங்கள் கற்றுக்கொடுக்கலாம். அதற்குத் தண்ணீரில் இறங்க வேண்டிய அவசியமே கிடையாது. இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்து, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இனத்துக்குப் பயிற்சித் திலகம் என்று பெயர். எல்லாத் துறையிலும் காணப்படும் என்றாலும், மக்களின் ஊட்டச்சத்தைக் கவனிக்கும் துறையில்தான் இது கொழுகொழுவென்று வளர்கிறது. எனக்குத் தெரிந்த திலகம் ஒருவரை இங்கே நிறுத்துகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“தேறிய ஆட்கள் போதவில்லை” என்பது அவருடைய பல்லவி. பொய்யில்லை. ஒரு குழந்தை மெலிகிறதா, ஒரு தாய்க்கு இரத்தம் குறைகிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவுதான். ஆகவே திலகம் என்ன செய்வார்? இருக்கிற நாலு பேரையும் சுகாதார நிலையத்தைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக்கு வரச் சொல்வார். குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள் செவ்வாய். பயிற்சியும் செவ்வாய். கைக்குழந்தையோடு வந்த தாய்மார், ‘எடை பார்ப்பது எப்படி என்ற பயிற்சிக்குச் சென்றிருக்கிறோம்’ என்று கதவில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

பயிற்சி எப்படி நடக்கும் என்கிறீர்களா? முதலில் கூச்சம் போக வேண்டுமாம். அதற்காக ஒவ்வொருவரும் எழுந்து, தான் ஒரு காய்கறியாகப் பிறந்திருந்தால் எந்தக் காய்கறி என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாகக் குழந்தைகளைத் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போன ஒரு சிஸ்டர், பயிற்சிக்குப் போகும் எங்கள் கூட்டத்தில் உண்டு. நான் சொல்லப்போகும் நாளன்று, தன் ஐந்தாவது பயிற்சியிலும் எழுந்து, “கேரட்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு கைதட்டல், பிறகு வண்ணப் பேனா, பிறகு சார்ட் பேப்பர், பிறகு பிஸ்கட். யாராவது உருப்படியாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால், திலகம் முகம் மலர்ந்து அதைச் சுவரில் ‘பிறகு பேசுவோம்’ என்ற தாளில் எழுதி வைப்பார். அந்தத் தாளை அப்புறம் எவரும் பார்த்ததில்லை.

வீட்டிலும் மனிதர் இப்படித்தான். பேத்தி சாப்பிட மறுத்த ஒரு நாள், கரண்டியும் கையுமாக மனைவியைப் பார்த்து, நம் முன்னால் உள்ள சவால்கள் என்னென்ன என்று பட்டியல் போடலாமா எனக் கேட்டாராம். “சவால் உங்க கையில இருக்கு. கரண்டியை இங்க குடுங்க” என்று அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார்.

அன்றைய பாடம், குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடா. பச்சையில் நின்றால் குழந்தை நலம், மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் அன்றே மருத்துவமனை. திலகம் இதைப் பதினோரு வருஷமாகத் தண்ணீர்ப் பாட்டிலில் சுற்றிக் காட்டி வருகிறார். பாட்டில் எப்போதும் பச்சை. அழாது, உதைக்காது, மெலியவும் மெலியாது.

அப்போதுதான் அறைக்குத் தேநீர் கொண்டுவரும் பெண், இடுப்பில் பத்து மாதக் குழந்தையும் கையில் கெட்டிலுமாக உள்ளே வந்தார். நிஜக் குழந்தையை அளந்து காட்டலாமே என்றார் சிஸ்டர். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று திலகமும் இறங்கினார். குழந்தை நாடாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. மீட்டெடுத்தார். காலால் உதைத்தது. கையேட்டைப் புரட்டினார். ‘குழந்தை அசையாமல் இருக்க வேண்டும்’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை எங்களுக்கும் காட்டினார், கொஞ்சம் குழந்தைக்கும் காட்டினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று அந்தச் சுரைக்காய்க்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் ஸ்வெட்டருக்கு மேலேயே நாடாவைச் சுற்றி, பச்சை என்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம்.

சிஸ்டர் தட்டவில்லை. எழுந்து வந்து, குழந்தையிடம் ஏதோ கொஞ்சிப் பேசிக்கொண்டே ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்தது குச்சி போன்ற கை. நாடா சிவப்பில் நின்றது.

“சார், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

திலகத்துக்கு வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! இப்படி ஓர் உதாரணம் அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. “அருமை சிஸ்டர், உட்காருங்க. மத்தியானம் குழு விவாதத்துக்கு இதையே எடுத்துக்கலாம். அம்மா, மூணு மணி வரைக்கும் குழந்தையோட இங்கயே இருங்க.”

“சார், புள்ளைக்கு என்ன?” என்றார் அந்தத் தாய்.

அதுதான் இரண்டாம் குழுவுக்கான கேள்வி என்றார் திலகம்.

சிஸ்டர் தாயின் கையிலிருந்த கெட்டிலை வாங்கித் திலகத்தின் கையில் கொடுத்தார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தாயையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மாலைக் கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று திலகம் பின்னாலிருந்து நினைவூட்டினார்.

“கிடையாதுன்னே வெச்சுக்குங்க சார்.”

மூன்று மணிக்கு விவாதம் குறித்தபடி தொடங்கியது. இரண்டாம் குழு, மெலிந்த குழந்தையைக் கண்டால் செய்ய வேண்டியவை என்று பதினான்கு அம்சங்களை எழுதிப் பூவேலை செய்து ஒட்டியது. அந்தக் குழுவின் தலைவன் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் பரிசும் எங்களுக்கே. அறிக்கையில் திலகம் இப்படி எழுதினார்: ‘இருபத்து மூவர் முழுத் தேர்ச்சி. ஒருவர் பாதியில் வெளியேறினார். அவருக்கு மறுபயிற்சி தேவை.’ அதற்கும் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தாகிவிட்டது.

சிரித்தாயிற்றா? இதை யாருக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். சிஸ்டருக்குப் பிறகாவது சான்றிதழ் கொடுத்தார்களா என்றுதானே இப்போது கேட்க வந்தீர்கள்? கொடுக்கவில்லை. குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து தேறிவிட்டாள், இப்போது மஞ்சளைத் தாண்டிவிட்டாள், கண்டதையெல்லாம் கடிக்கிறாள். அவளைப் பற்றிக் கவலை இல்லை. உங்களைத்தான் எதற்கும் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.