துணை மேயருக்கு ஒரு வாடகை வீடு

"குழாயில தண்ணி வருமா?" என்று கேட்டார் எமெதேரியோ.

"தண்ணி கிடக்கட்டும் சார். இவன் என் மச்சினன் மகன். கணக்குப் படிச்சிருக்கான். நகராட்சியில எங்கேயாவது ஒரு மூலையில உட்கார வச்சீங்கன்னா போதும்" என்றார் வீட்டுக்காரர் கசிமிரோ.

மச்சினன் மகனுக்கு முப்பது வயதிருக்கும். தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு வாசல் நிலையை ஒட்டி நின்றிருந்தான். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் முன்னால் ஒருவன் எதற்காக இப்படிக் கைகட்டி நிற்கவேண்டும் என்று எமெதேரியோவுக்கு விளங்கவில்லை. அன்று காலையில் இது அவர் பார்த்த மூன்றாவது வீடு. முதல் வீட்டில் சாலைப் பள்ளத்தைப் பற்றிக் குறை சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு கைக்குழந்தையை அவர் மடியில் போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயா, நான் வீடு பார்க்கத்தான் வந்தேன். சத்தமில்லாத வீடா இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இதுதான் சார் பெரிய மனுஷன் லட்சணம்" என்று கசிமிரோ மச்சினன் மகனைப் பார்த்துத் தலையாட்டினார். "வாடகையப் பத்திப் பேசாதீங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

எமெதேரியோவுக்கு உண்மையிலேயே வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஜனவரியில் அவர் மனைவி அராசெலி நெடுநாள் நோயில் இறந்துபோனாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அவர்கள் ஊரில் அவள் பாடாத கல்யாணம் இல்லை, சாவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கிதார் வாசித்தவர் இவர். அவள் போன பிறகு கிதாரைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். ஆனால் அந்த ஊர் சும்மா இருக்கவில்லை. சாயங்காலமானால் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும், பின்னணி இசையை ஒலித்துக் கூடப் பாடவைக்கும் கரோக்கே பெட்டியை முடுக்கி, அவள் பாடிய பாட்டுகளையே எடுத்துக் கத்தினார்கள். அவர் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாலும், போர்வைக்குள் அவர் இடது கை விரல்கள் தாமாகவே அசைந்து அந்தப் பாட்டைத் தேடின. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இக்கரையில் சான் எலிசேயோ இருந்தது. அந்த ஊர் மேயர் கோன்சிங் அம்மாள் போன வருடம் கரோக்கே பெட்டிகளுக்குத் தடை போட்டிருந்தார். இந்தத் தீவில் பாட்டுச் சத்தம் கேட்காத ஊர் அது ஒன்றுதான். அதனால்தான் எமெதேரியோ சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு படகேறி வந்திருந்தார்.

இஸ்திரி போட்டதுதான் வினையாகப் போயிற்று என்று அவரை ஏற்றிக்கொண்டு டிரைசைக்கிள் என்கிற மூன்று சக்கர வண்டியை ஓட்டிய போயெட் சொன்னார்.

"ஏம்ப்பா, வீடு வாடகைக்குக் கேக்கறது ஒரு தப்பா?"

"கேக்கறது தப்பில்லண்ணே. கேக்கற மாசம் தப்பு."

"மாசத்துக்கு என்ன?"

"இது மே. அடுத்த மே மாசம் தேர்தல். நிக்கிறவன் ஒரு வருஷமாவது இந்த ஊர்ல குடியிருந்திருக்கணும்னு சட்டம். வெளியூர்க்காரன் ஒருத்தன் மடிப்புக் கலையாத சட்டையோட மே மாசம் வீடு தேடினான்னா வேற எதுக்கு? போன தடவை ஒரு பல் டாக்டர் வந்தாரு. பல்லு புடுங்கத்தான் வந்தேன், பல்லு புடுங்கத்தான் வந்தேன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. இப்ப கவுன்சிலர்."

"நான் எதுக்கும் நிக்கலப்பா."

"நிக்கிற எல்லாரும் முதல்ல அப்படித்தாண்ணே சொல்வாங்க."

மறுத்து மாளாது, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று எமெதேரியோ தீர்மானித்தார். "இங்க பாரு போயெட். நான் கிதார் வாசிச்சுப் பிழைச்சவன். பெண்டாட்டியப் பறிகொடுத்துட்டேன். பாட்டு காதுல விழாத ஒரு இடத்துல மூலையோட கிடக்கணும்னு வந்திருக்கேன். இதை நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு."

போயெட் வண்டியை ஓரம்கட்டி, பிரேக்கை அழுத்தி, முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"கிதாரா?"

"ஆமா."

"அப்ப மேயரம்மாவுக்கு ஜோடி நீங்கதான். பெட்டியைத் தடை பண்ணினதுலேருந்து பாதி ஊரு அந்தம்மா மேல காண்டுல இருக்கு. ஒரு பாட்டுக்காரரைத் துணை மேயராப் போட்டாத்தான் சரிக்கட்ட முடியும்னு நானே போன வாரம் சொன்னேன்."

நார்சிங் என்ற பெண்மணி நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குள் எமெதேரியோ நுழைந்தபோது, விஷயம் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நார்சிங் அவரை மூலை மேசைக்குப் போகவிடாமல் நடு மேசைக்கு நாற்காலி இழுத்துப்போட்டாள். கேட்காமலே புளிக்குழம்பு மீனும் சோறும் வந்தன.

"மேயருக்குத் துணையா நிக்கிறவன் மேயரைவிட அழகா இருக்கக்கூடாது" என்றார் ஒருவர். "இவரு இருக்கற அழகு சரியா இருக்கு."

"அழகை விடு. பொண்டாட்டி இல்லாதவரா இருக்கணும். போன துணை மேயர் நல்லவருதான். அவரு வீட்டுக்காரிதான் பாலத்தைத் தின்னா."

"பாலத்தையா?"

"பாலம் எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்."

"பெண்டாட்டியப் பறிகொடுத்தவருன்னா அனுதாப ஓட்டு விழும்டா. எதிர்ல நிக்கிற பார்தோலோ பெட்டியத் திருப்பிக் கொடுக்கறேன்னு சொல்லி ஓட்டுக் கேக்கறான். அவன்கிட்ட பெட்டி இருக்கு. இவருகிட்ட சோகம் இருக்கு. எது எடை கூடன்னு பார்த்துடலாம்."

எமெதேரியோ கரண்டியைக் கீழே வைத்தார். நார்சிங் வந்து கரண்டியை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க மாஸ்டர். நிக்கிறவரு சாப்பிடணும்."

"நான் நிக்கலைம்மா."

"உட்கார்ந்தே சாப்பிடுங்க."

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். காலையில் படகேறி வருவார். ஒரு தெருவில் இரண்டு வீடு பார்ப்பதற்குள் சாக்கடை, தெருவிளக்கு, விதவைப் பென்ஷன், அண்டைவீட்டு மாமரத்துக் கிளை என்று எல்லா வழக்கும் அவர் காலடியில் வந்து விழும். மாமரத்து வழக்கில் பொறுக்கமாட்டாமல், "கிளையை வெட்டுங்க, காயை ரெண்டு வீடும் பிரிச்சுக்குங்க" என்று சொல்லித் தொலைத்தார். இரண்டு வீட்டாரும் சமாதானமாகி ஆளுக்கொரு பை மாங்காய் கொடுத்தார்கள். மறுநாள் இன்னும் நான்கு மரத்து வழக்குகள் காத்திருந்தன. பட்டன் போன பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். ஏழைப் பங்காளன் என்றார்கள். சாயங்காலம் படகில் திரும்பும்போது கை நிறைய வாழைப்பழமும் வறுத்த கடலையும் இருக்கும். வீடு மட்டும் கிடைக்காது. அந்த வாரத்தில் அவர் பேசிய பேச்சு அதற்கு முந்தைய நான்கு மாதத்திலும் பேசியதைவிட அதிகம். அதில் பாதி, "இல்லை" என்ற ஒரே சொல்தான்.

வேறு வழி தெரியாமல் மேயரையே வீட்டில் பார்த்து முறையிடலாம் என்று போனார். முன்வாசலில் நாய் கட்டியிருந்ததால் சுற்றிக்கொண்டு அடுக்களைக் கதவு வழியாக நுழைந்தார். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த மீன்காரி அதைப் பார்த்துக்கொண்டாள்.

மேயர் கோன்சிங் கால்களை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் என் துணை மேயரா?"

"இல்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்மா."

"நான் துணைக்கு யாரையும் இன்னும் தேடிப் பிடிக்கலை. என் கொழுந்தன் உங்களை ஏற்பாடு பண்ணிட்டான்னு நெனச்சேன். அவன், நான்தான் அவனைக் கேக்காம ஏற்பாடு பண்ணிட்டேன்னு என்னோட பேசறதில்ல."

"நீங்க ஒரு வார்த்தை, இவரு இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"சொன்னா? அந்தம்மா கழட்டிவிட்டா, பார்தோலோ சேர்த்துக்கிட்டான்னு பேசுவாங்க. அப்புறம் பார்தோலோ ஆளுங்க உங்க ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னு பாடுவாங்க. பரவாயில்லையா?"

எமெதேரியோவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

மேயர் காலைத் துடைத்துக்கொண்டே அவரைக் கூர்ந்து பார்த்தார். "நிஜமாவே எந்தப் பாட்டும் வேண்டாமா உங்களுக்கு?"

"வேண்டாம்மா."

"நான் பெட்டியை நிறுத்தினதுக்கு முழு மனசோட சந்தோஷப்பட்ட ஒரே ஆளு நீங்கதான். என் வீட்டுக்காரரே திருட்டுத்தனமா அக்கரைக்குப் போய்ப் பாடிட்டு வராரு. பேசாம நின்னுடுங்களேன்."

அவர் அடுக்களைக் கதவு வழியாகவே வெளியே வந்தார். மீன்காரி எழுந்து நின்று, "உள்ள பேச்சு முடிஞ்சுதா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

எமெதேரியோ நேராகப் படகுத்துறைக்கு நடந்தார். இந்த ஊரும் வேண்டாம், வீடும் வேண்டாம், செத்தால் சொந்த வீட்டிலேயே தலையணையை அழுத்திக்கொண்டு சாகலாம் என்று முடிவுசெய்திருந்தார். ஆனால் துறைக்குப் போகிற வழி நார்சிங் கடையைத் தாண்டித்தான் போகிறது. கடை வாசலில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். போயெட் மடியில் ஒரு கிதார். தடை பெட்டிக்குத்தான், கிதாருக்கு இல்லை என்று யாரோ சட்டம் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, வாங்க. உங்க பிரசாரப் பாட்டு தயாராயிடுச்சு. கேட்டுட்டுப் போங்க."

அவர் ஓட நினைத்தார். அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

தேரியோ, எங்கள் தேரியோ, சாக்கடை தூர்வார மாட்டீரோ என்று பாடினார்கள். வார்த்தைதான் சாக்கடை. மெட்டு, காதலியின் ஜன்னலுக்குக் கீழே நின்று பாடுகிற பழைய காதல் பாட்டினுடையது. அராசெலி எந்தக் கல்யாண வீட்டிலும் கடைசியாகப் பாடுவது அதுதான். இருபது பேரும் இருபது சுருதியில் அதை இழுத்தார்கள். போயெட்டின் இரண்டாம் தந்தி தொய்ந்துபோய், ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அழுதது.

எமெதேரியோ முதல் அடியைப் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் அடியையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதில் போய்க் கிதாரைப் பிடுங்கினார்.

"இந்தத் தந்தி இறங்கிக் கிடக்கு. காதுல விழலையா உனக்கு?"

"எனக்குத் தெரியலண்ணே."

அவர் முறுக்காணியைத் திருகினார். தட்டிப் பார்த்தார். மறுபடி திருகினார். பிறகு, சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே என்பதற்காக, பெஞ்சில் உட்கார்ந்து முதல் அடியை வாசித்தார். அது சரியாக இருந்தது. இரண்டாவதை வாசித்தார். ஊர் மெதுவாகச் சேர்ந்துகொண்டது. சாக்கடைதான் பாடினார்கள், ஆனால் குரலை இறக்கிப் பாடினார்கள். அராசெலி மூச்சு எடுக்கும் இடம் வந்ததும் அவர் விரல் தானாக நின்று, அவளுக்காகக் காத்திருந்தது. இருபது பேரும் நின்றார்கள். யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை, ஆனால் ஒருவரும் முந்திக்கொள்ளவில்லை. அவர் மறுபடி தந்தியைத் தொட்டபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

யாரும் கைதட்டவில்லை. கசிமிரோ, "பாட்டு நல்லா இருக்கு. சாக்கடைன்னு வர்ற இடத்துல வேற வார்த்தை போடலாம்" என்றார். அதைப் பற்றி ஒரு பெரிய வாக்குவாதம் கிளம்பியது. வாக்குவாதம் தெருமுனை வரை நடந்துபோய் அங்கே நின்று தொடர்ந்தது.

நார்சிங் பெஞ்சுகளை உள்ளே தூக்கிவைத்தாள். எமெதேரியோ ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.

"மாடியில ஒரு அறை காலியா இருக்குன்னு போயெட் சொன்னான்" என்றார்.

"இருக்கு. ஆனா விடிகாலையிலேயே பாத்திரச் சத்தம் கேக்கும். கீழ எந்நேரமும் ஆளுங்க பேசிக்கிட்டே இருப்பாங்க. நீங்க கேட்ட மாதிரி வீடு இல்ல அது."

"பரவாயில்ல. கொடு. ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடணும், நான் எதுக்கும் நிக்கலன்னு. எந்தப் பாவி இந்தப் புரளியக் கிளப்பிவிட்டானோ, அவனை மட்டும் நான் பார்த்தேன்னா..."

நார்சிங் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கிளப்பினது நான்தான் மாஸ்டர். ஆனா, 'பாட்டு இல்லாத ஊரு இதுதான், எனக்கப்புறம் அவரு இங்கதான் வந்து ஒளிவாரு, ஆறுதல் சொல்லுங்கன்னு கேட்டா ஊரு ரெண்டு நாள்ல மறந்துடும், தேர்தல்ல நிக்கிறாருன்னு சொல்லிவிடு, ஒரு வருஷத்துக்கு அவரைத் தனியா விடமாட்டாங்க'ன்னு, முடியாத உடம்போட படகேறி வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போனது உங்க அராசெலி."