நாகேஷ் ஏறப்போன மலை

பார்சலைப் பிரித்த நளினிக்கு, உள்ளே இருந்தது காலுறையா தலையணை உறையா என்று புரியவில்லை. காக்கி நிறத்தில் கெட்டித் துணி. பாதம் வைத்துத் தைத்திருந்ததால் காலுறை என்று சொல்லலாம். முழங்காலையும் தாண்டி நீண்டு, மேலே சுருக்குக் கயிறு வேறு தொங்கியதால் வேறு எதுவாகவும் இருக்கலாம்.

பார்சல் வந்தது கணவன் நாகேஷ் பெயருக்கு. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் பெயருக்கு வந்த எதையும் அவன் பிரித்ததில்லை. நளினி விட்டதில்லை.

பக்கத்து வீட்டு ஜூடித் ஆன்ட்டியிடம் எடுத்துப் போய்க் காட்டினாள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகத்து லைன் வீடுகளில் ஒரு வீட்டுச் சந்தேகம் அந்த வீட்டுக்குள்ளேயே தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜூடித் துணியை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "பிரியாணிக்கு மசாலா கட்டிப் போடற பை மாதிரி கீது. ஆனா இவ்ளோ பெருசுன்னா எத்தினி பேருக்குப் பிரியாணி?"

"இன்னொண்ணும் கீது ஆன்ட்டி. ஜோடி."

"அப்போ கல்யாண பிரியாணி."

சாயங்காலம் பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி நாகேஷ் வந்தான். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் குறை கேட்கும் பிரிவில் வேலை. காலையிலிருந்து போனில் ஊர்க்குறையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவன், வீட்டில் வாயைத் திறந்தால் அது காபி குடிப்பதற்காக மட்டும்தான் இருக்கும்.

"இன்னாங்க இது?" என்று துணியைத் தூக்கிக் காட்டினாள் நளினி.

"அட்டைக்கு."

"இன்னா அட்டை? ரேஷன் அட்டையா?"

"ரத்தம் உறிஞ்சற அட்டை. காட்டுல கால் மேல ஏறும். அதுக்குப் போடற சாக்ஸ்."

"நமக்கு எங்க காடு?"

நாகேஷ் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். "அருணாசலம் போறேன்."

நளினிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "திருவண்ணாமலைக்கா? அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? கிரிவலத்துக்கு வெறுங்கால்லதானே போவாங்க, இது எதுக்கு?"

"அருணாசலப் பிரதேசம். பர்மா பார்டர் பக்கம். காட்டுக்கு நடுவுல ஒரு மலை. கைடு வெச்சுக் கூட்டிகினு போயி ஏத்தறாங்க. சேர்ந்துட்டேன்."

ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று ட்யூப்லைட் மாற்றுவதற்கே எதிர்வீட்டு ரூபேஷைக் கூப்பிடுகிற மனிதன் இப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

"இன்னாத்துக்கு?" என்றாள்.

"சும்மா" என்றான்.

அந்தச் 'சும்மா' நளினியின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. பருப்பு தாளிக்கும்போதும் அதே யோசனை, துணி காயப்போடும்போதும் அதே யோசனை. வேறு பெண் விவகாரமாக இருக்குமோ? எந்தப் பெண் அட்டைக்காட்டில் வந்து காத்திருப்பாள்? தங்கமா? தங்கத்தைத் தோண்டித் தோண்டி முடித்துவிட்ட ஊரில் பிறந்தவன் அதற்காக பர்மா எல்லைக்குப் போவானா? வேண்டுதலா? கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்பவன்.

விளையாட்டாக ஆரம்பித்த யோசனை போகப்போக அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. அவனுக்கு உப்பு எவ்வளவு, தலையணை எத்தனை, எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் லூஸ் என்று எல்லாம் தெரியும். ஆனால் அவனுக்குள் இவ்வளவு பெரிய மலை ஒன்று இருந்தது மட்டும் தெரியாமல் போயிற்றே!

மறுநாள் ஜூடித்தின் கணவர் எட்மண்டைப் பிடித்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தினமும் சாயங்காலம் நாகேஷ் காபி குடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்து பேசுகிறவர் அவர்.

"அங்கிள், நீங்க ஆம்பளைக்கு ஆம்பளயா பேசி விஷயத்தை வாங்கிடுங்க."

"இவ்ளோதானே? எங்கிட்ட வுடு."

எட்மண்ட் நாகேஷின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பினார். முகத்தில் ஒரு தெளிவு.

"இன்னா சொன்னாரு அங்கிள்?"

"யாரு?"

"என் வீட்டுக்காரரு."

எட்மண்ட் யோசித்தார். "அவரு ஒண்ணியும் சொல்லல. நான் அவருக்குச் சான்ஸ் குடுத்த மாதிரியே ஞாபகமில்ல. ஆனா பேசப் பேச எனக்கே ஆசை வந்துடுச்சும்மா. எங்கப்பா சுரங்கத்து கேஜ்ல நின்னு பூமிக்குள்ள எறங்கினவரு. எத்தினி ஆயிரம் அடி! அவரு பையன் மேல ஏற வேணாமா? நானும் வரேன்னு சொல்லிட்டேன். ஜூடித்தும் வரா."

"எங்கே?" என்றார் வாசலில் நின்றிருந்த ஜூடித்.

இப்படிக் காரணம் தெரியாதது போதாதென்று, ஆள் வேறு சேர ஆரம்பித்தது. நளினி கைவசமிருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தாள். பேத்தமங்களாவில் இருக்கும் நாகேஷின் அக்கா பாக்யலட்சுமிக்குப் போன் செய்தாள். அண்ணி கேட்டு யாரும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. பதில் சொல்லி முடித்தவர்களையும் அண்ணி விட்டதில்லை.

அடுத்த பஸ்ஸில் ஒரு கூடை தக்காளியோடும் ஒரு பை மாற்றுத்துணியோடும் அண்ணி வந்து இறங்கினாள். தம்பி குளிக்கும்போது கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து கேட்டாள். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்து கேட்டாள்.

"டேய் நாகேசு, ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்லக்கா."

"வேலைய வுட்டுட்டியா?"

"இல்லக்கா."

"சாமியாராப் போறியா?"

நாகேஷ் அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். "இல்லக்கா."

திரும்பி வந்த அண்ணி நளினியிடம் முடிவைச் சொன்னாள். "மூணும் இல்லைன்றான். அப்போ நாலாவதா ஒண்ணு கீது. அத்த கூடவே போயிதான் கண்டுபுடிக்கணும். நானும் வரேன். நெலத்துல நடக்காத நடையா?"

நளினி இப்போது நேராக மூலத்துக்கே போனாள். பெங்களூரில் இருக்கும் கைடு விநாயக்கின் நம்பரை நாகேஷின் போனிலிருந்து எடுத்துப் பேசினாள்.

"ஹௌது மேடம், நாகேஷ் சார் நம்ம குரூப்தான்" என்றான் விநாயக், கன்னடமும் தமிழும் கலந்து. "முதல் முகாம் வரைக்கும் எல்லாரும் வரலாம். அதுக்கு மேல உடம்பைப் பார்த்துதான் ஏத்துவோம். பயமே வேணாம்."

"பயமெல்லாம் இல்லப்பா. அவரு எதுக்கு வராருன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னாரே. எல்லார்கிட்டயும் கேப்போம் மேடம்."

நளினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இன்னா சொன்னாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது மேடம். சொந்த விஷயம்."

முன்பின் தெரியாத ஒரு பையனுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை! நளினி யோசிக்கவே இல்லை. "என் பேரையும் எழுதிக்கோ" என்றாள்.

அன்று சாயங்காலம் செய்தியைக் கேட்ட நாகேஷ், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"நீயுமா?"

"நானும்தான்."

"வேணாம் நளினி. மழை பெய்யும். பாம்பு கீது. டாய்லெட் கெடையாது. சோறுன்னு எதையோ மூங்கில்ல வேக வெச்சுக் குடுப்பாங்க. படுக்க எடம் இருக்காது. வேணாம்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. நளினியின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா அண்ணி, என் மேல எவ்ளோ அக்கறை!"

மூட்டை தூக்கிக்கொண்டு ஏறிப் பழக வேண்டும் என்று விநாயக் சொல்லியிருந்தான். மலைக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சயனைட் டம்ப்புக்குப் போனார்கள். தங்கம் பிரித்தெடுத்தபின் அந்தக் காலத்தில் கொட்டிக் கொட்டிக் குன்றாகிப்போன மண் அது. நாகேஷ் முதுகுப்பையில் மணல். நளினி பையில் அரிசி. அண்ணி பையில் ராகி. எட்மண்ட் பையில் ஜூடித்தின் பையில் இருக்க வேண்டியதும்.

நாகேஷ் விறுவிறுவென்று முன்னால் ஏறினான்.

"ஏங்க, நில்லுங்க!" என்று கத்தினாள் நளினி.

"டேய், நில்லுடா!" என்று கத்தினாள் அண்ணி.

"நாகேஷ், இந்த எடத்துல ஒரு கதை கீது, கேட்டுட்டுப் போ!" என்று கத்தினார் எட்மண்ட்.

நாகேஷ் நின்று திரும்பினான். "பேசிகினே ஏறினா மூச்சு வாங்கும் அங்கிள். விநாயக் சொன்னாரு."

"மூச்சு வாங்கறது தெரியாம இருக்கத்தாம்பா பேசறேன்!"

நாகேஷ் முதல் ஆளாக உச்சிக்குப் போய் நின்றான். இந்தப் பக்கம் இவர்கள் நால்வரும் மண்ணில் சறுக்கிச் சறுக்கி, சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பக்கம் கீழே, தூரத்தில், அவர்களுடைய லைன் வீடுகள். அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தான். மெதுவாக அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து நாகேஷ் வேறு ஆள்.

"அக்கா, ஒனக்கு ஷூ அளவு இன்னா?" என்றான். எட்மண்டுக்கு மழைக்கோட்டு வரவழைத்தான். ஜூடித்துக்கு முட்டிவலித் தைலம். எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடி அட்டை சாக்ஸ் வந்தது. நளினியை நாற்காலியில் உட்காரவைத்து, அவனே காலில் மாட்டி, சுருக்குக் கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுவது என்று காட்டிக் கொடுத்தான். பொண்ணு பார்க்க வந்த அன்றுகூட அவன் அவளை இவ்வளவு பிரியமாகப் பார்த்ததாக ஞாபகமில்லை.

இதெல்லாம் போதாதென்று எதிர்வீட்டு ரூபேஷையும் போய்ப் பார்த்தான். ரூபேஷ் பேண்ட் செட்டில் ட்ரம் அடிப்பவன். வேலை இல்லாத நாட்களில் வீட்டிலேயே அடிப்பவன்.

"சார், எனக்கு முகூர்த்த சீசன்" என்றான் ரூபேஷ்.

"முகூர்த்தம் வருஷா வருஷம் வரும். மலை வருமா? வயசுப் பையன் நீ. யோசிச்சுப் பாரு" என்று, யாரிடமும் பேசாத நாகேஷ் அரைமணி நேரம் பேசி அவனையும் சேர்த்துவிட்டான்.

"ஊர்ப் புள்ளைங்க மேலகூட பாசம் பொங்குது" என்று நளினி அண்ணியிடம் ஆச்சரியப்பட்டாள். எதற்காக முதலில் வேண்டாமென்றான்? எதற்காக இப்போது இத்தனை சந்தோஷம்? பழைய கேள்விக்கே பதில் வராத நிலையில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் நாகேஷ் வந்து, "ஆபீஸ்ல லீவு ஒரு நாள் தள்ளிதான் குடுத்தாங்க. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வந்து சேர்ந்துக்கறேன்" என்றான். வேன் வந்தபோது அவனே எல்லார் மூட்டையையும் ஏற்றினான். தெருமுனை திரும்பும் வரை நின்று கையாட்டினான்.

விமானம், அப்புறம் ஜீப், அப்புறம் ஆடும் தொங்குபாலம். பாலத்தின் நடுவில் அண்ணியே பேச்சை நிறுத்தினாள். மூங்கில் வீடுகள் கொண்ட கடைசிக் கிராமத்தில் அவர்கள் தங்கினார்கள். மறுநாள் காலை நளினி வெளியே வந்து நின்றபோது எதிரில் வெறும் மேகம்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் நடுவில் கிழிந்தது. உள்ளேயிருந்து கரும்பச்சையாக, அடியிலிருந்து நுனிவரை மரம் போர்த்துக்கொண்டு, மலை எழுந்து நின்றது. அவள் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தாள். இன்னும் மிச்சம் இருந்தது. எங்கேயோ ஒரு பறவை ஒரே ஒரு தடவை கூவிவிட்டு நிறுத்திக்கொண்டது.

நளினிக்கு நாகேஷின் ஞாபகம் வந்தது. இதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டானா? இதைப் போய் எப்படி வாயால் சொல்வான், சும்மா என்றுதானே சொல்ல முடியும்! வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் புரிஞ்சுடுச்சுங்க" என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மதியம் ஜீப் வந்தது. உருளைக்கிழங்கு மூட்டை இறங்கியது. இரண்டு கோழிகள் இறங்கின. வேறு யாரும் இறங்கவில்லை.

விநாயக் தலைகளை எண்ணிவிட்டு, "எல்லாரும் இருக்கீங்க. பையைத் தூக்குங்க, போலாம்" என்றான்.

"இருப்பா, என் வீட்டுக்காரரு வரணுமே!" என்றாள் நளினி.

விநாயக் அவள் போனை வாங்கிப் பார்த்தான். "சிக்னல் சுத்தமா போயிடுச்சு இல்ல மேடம்? அப்போ சொல்லலாம். சிக்னல் போனப்புறம்தான் சொல்லணும்னு சார் சத்தியம் வாங்கியிருந்தாரு."

எட்மண்ட், ஜூடித், ரூபேஷ், அண்ணி நால்வரும் நளினியைச் சுற்றி வந்து நின்றார்கள். விநாயக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"'ஒரு வாரம் என்கிட்ட யாருமே பேசாத ஒரு எடம் வேணும்'னு சொல்லித்தான் சார் மொதல்ல சேர்ந்தாரு. நீங்க அஞ்சு பேரும் பேர் குடுத்து முடிச்ச அன்னிக்கே போன் பண்ணி, 'அந்த எடம் இனிமே எங்க வீடுதான், என் பேரை அடிச்சுடுங்க'ன்னு சொல்லிட்டாரு மேடம்!"