வந்தவர் மாப்பிள்ளை வீட்டார் அல்ல

குமாரபாளையம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய கைலாசம் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் இலக்கியா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, அண்ணன் மூவரும் நலம். நான் நலமா என்பதில் வீட்டில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன, கீழே விளக்குகிறேன். அங்கே ராய்ப்பூர் பக்கம் வெயில் எப்படி, வண்டி ஓடுகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அறிய ஆவல்.

போனில் பேசியிருக்கலாம். முப்பது வருடம் போர்வெல் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற உங்கள் காதுக்கு எதைச் சொன்னாலும் "சரி சாமி, சரி" என்றுதான் பதில் வரும். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். படம் எடுத்து உங்கள் டிரைவர் மாதேஸ்வரன் போனுக்கு அனுப்புவேன். அவர் படிக்காமல் உங்களிடம் கொடுக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்தால், அண்ணா, வணக்கம்.

முதலில் சுருக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்ட ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். என்னை விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் யாரும் வரவில்லை. வந்தவர் வங்கி ஆள். கிரெடிட் கார்டுக்காக வந்தார்.

இனி விவரம்.

நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கம்பெனியில் போர்வைகளுக்கு டிசைன் வரைகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடத்தில் எழுநூறுக்கு மேல். எதிலும் என் பெயர் கிடையாது. அது குறை இல்லை. போர்வையில் யாரும் பெயர் தேடுவதில்லை. போன மாதம் ஜஹானாரா அக்கா, சேலத்தில் போர்வை மொத்த வியாபாரம் செய்கிறவர், என்னைத் தனியே கூப்பிட்டு, "எனக்குன்னு வரைஞ்சு தர்றியாம்மா?" என்று கேட்டார். பன்னிரண்டு டிசைன். அடுத்த மாதக் கடைசிக்குள். பிடித்தால் வருடம் முழுக்க. கம்பெனியிலும் கேட்டேன், வேலை நேரத்துக்கு வெளியே, எங்கள் கணினியைத் தொடாமல் என்றால் சரி என்றார்கள். அப்படியானால் வரைவதற்கான மென்பொருளை நானே வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு. ஆண்டுச் சந்தாவைக் கிரெடிட் கார்டில்தான் வாங்கிக்கொள்கிறார்கள். என் ஏடிஎம் கார்டை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் மரியாதையாக மறுத்தது.

எங்கள் ஆபீஸுக்குக் கீழேயே ஒரு தனியார் வங்கி. அங்கே சௌமியா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும்.

"இதுக்கு முன்னாடி லோன் ஏதாவது வாங்கியிருக்கீங்களா மேடம்?"

"இல்லை."

"நகைக் கடன்? வண்டிக் கடன்? போனாவது தவணைல?"

"எதுவுமே இல்லை," என்றேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன். அப்பா வளர்ப்பு.

"அச்சச்சோ," என்றாள் சௌமியா.

திரையைத் திருப்பிக் காட்டினாள். கடன் மதிப்பெண் என்ற கட்டத்தில் என் பெயருக்கு நேரே மைனஸ் ஒன்று. பூஜ்யம் என்றாலாவது புரிந்திருக்கும். "மார்க் கம்மின்னு அர்த்தமில்ல மேடம். உங்களுக்கு வரலாறு இல்லைன்னு அர்த்தம்."

இருபத்தேழு வயது, மாமா.

அண்ணன் சிவபிரகாஷ் போன வருடம் கட்டி முடித்த லாரித் தவணையில் நாலு மாதம் தவறியவன். அவனுக்கு அறுநூற்றுச் சொச்சம் இருக்கிறது. கார்டு வேண்டுமா என்று தினமும் யாராவது அவனைக் கூப்பிட்டுக் கெஞ்சுகிறார்கள். வாங்கித் திணறியவனுக்கு வரலாறு. வாங்காதவளுக்கு இல்லை. பஸ் சங்ககிரி தாண்டும் வரை இதையே யோசித்தேன். கரண்ட் பில் அப்பா பெயரில். காஸ் அம்மா பெயரில். என் போன் நம்பர் அண்ணன் பெயரில். ரேஷன் கார்டில் நான் நாலாவது வரி. நான் இருக்கிறேன் என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை போலிருந்தது.

சௌமியா நல்லவள். சம்பளச் சீட்டு இருக்கிறது, வீட்டு விசாரணை நல்லபடியாக முடிந்தால் மேலே பேசிப் பார்க்கலாம் என்றாள். "ஆள் வருவாங்க மேடம். நாலு கேள்வி கேப்பாங்க. வீட்ல சொல்லி வெச்சிருங்க."

சொல்லி வைக்கவில்லை. இந்தக் கதையில் என் தப்பு அது ஒன்றுதான். அதுவே போதுமானதாக இருந்தது. அப்பாவைப் பொறுத்தவரை கிரெடிட் கார்டு என்பது பிளாஸ்டிக்கில் செய்த கந்துவட்டி. கையில் கார்டு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த ஆள் வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா தறிப்பட்டறையில், அப்பா பவானியில், நான் சேலத்தில். பக்கத்து வீட்டில் மாரக்காள் பெரியம்மா இருந்தார். நம் ஊரில் கையில் பையோடு வந்து, பெண் பெயரைச் சொல்லி, பக்கத்து வீட்டில் விசாரிக்கிறவர் யார் என்பதற்கு ஒரே பதில்தான். எனக்கு ஒருத்தர் அப்படி வர வேண்டும் என்று பெரியம்மா நாலு வருடமாகக் காத்திருக்கிறார். "பேங்க்ல இருந்து வர்றேங்க" என்று வந்தவர் சொன்னாராம். மாப்பிள்ளைக்கு பேங்க் வேலை என்று பெரியம்மா எடுத்துக்கொண்டார். நடந்ததைப் பெரியம்மா இதுவரை நாலு பேரிடம் சொல்லிவிட்டார். பாடம் மாறவே இல்லை. அப்படியே தருகிறேன்.

"இங்க எத்தன வருசமா இருக்காங்க?"

"பொறந்ததுல இருந்துங்க தம்பி. சொந்த ஊடு. உக்காருங்க, மோரு கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாங்க. வயசு எத்தன இருக்கும்?"

"இருவத்தி நாலு இன்னும் முடியலீங்க."

"வேலைக்குப் போறாங்களா?"

"போவுது. ஊட்ல சும்மா இருந்தா பொழுது போவோணுமுல்லங்க? கண்ணாலம் முடிவான அன்னைக்கே நின்னுக்கும். நாஞ் சொன்னாக் கேக்கும்."

"சம்பளம் எவ்வளவு வருது?"

"அதென்னுங், ஒரு பத்துப் பன்னெண்டு இருக்கும். ரொம்பவெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க."

என் சம்பளம் முப்பத்திரண்டாயிரம். அது தெரிந்தால் நல்ல இடம் ஓடிப்போகும் என்பது பெரியம்மாவின் கொள்கை.

"செலவு பண்றது எப்படிங்க? கடன் கிடன் ஏதாச்சும்?"

"அய்யோ சாமி, அந்தப் புள்ள கையில ஒத்தப் பைசா வெச்சுக்காதுங்க. சம்பளம் வந்துச்சுன்னா அப்பங் கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கிட்டுப் போவும். கடைவீதிக்குப் போனாக்கூட வெல கேட்டுட்டுத் திரும்பி வந்துரும்."

"அவங்க போன் நம்பர் இதுதானுங்களா?"

"அது எதுக்குங்க உங்களுக்கு? அப்பன் நம்பரு தாரேன், எழுதிக்குங்க."

அந்த ஆள் வீட்டைப் படம் பிடித்தார். விதிப்படி பிடிக்க வேண்டும். "அப்பவே எனக்குத் தோணுச்சு, மாப்பள வெளிநாட்டு பேங்க்குன்னு," என்கிறார் பெரியம்மா. கிளம்பும்போது அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் என் ஜாதகத்தின் நகல் ஒன்றும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பெரியம்மா எப்போதும் அரிசி டப்பா மேல் பத்து நகல் வைத்திருப்பார். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டார். எனக்கு வரலாறு இல்லை என்ற வங்கியில் இப்போது என் எதிர்காலம் இருக்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே மூச்சில்தான் நடந்தது, நானும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: நேற்று மத்தியானம் வருத்தத்துடன் மறுக்கிறோம் என்று மெசேஜ் வந்தது, கீழே ஓடினேன், சௌமியா தலையை நிமிர்த்தாமல், "மேடம், வேலைய விடப் போறீங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள், சம்பளம் ஒத்துப்போகல, வயசு ஒத்துப்போகல, போதாததுக்கு அந்த ஜாதகத்துல இருந்த பிறந்த தேதியும் பெரியம்மா சொன்ன வயசும் வேற ஒத்துப்போகல, நான் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்தா வாசல்ல ஆறு ஜோடி செருப்பு, உள்ள கேசரி வாசம், அம்மா புதுப் புடவையில, அப்பா சவரம் பண்ணிட்டு உக்காந்திருக்கார், "மாப்பிள்ளைக்கு எந்தக் கிளைன்னு கேட்டியா?"ன்னு அவர் பெரியம்மாவக் கேக்க, "கிளையெல்லாம் எதுக்குங்க கொழுந்தனாரே, ஊட்டையே போட்டோ புடிச்சாப்ல"ன்னு பெரியம்மா சொல்ல, இதுக்குள்ள உங்களுக்குப் போன் போய், நீங்க சரி சாமி சரின்னு சொல்லி, டிக்கெட்டும் போட்டாச்சு.

நான் உண்மையைச் சொன்னேன். கார்டு, வங்கி, மைனஸ் ஒன்று எல்லாம். அப்பா எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இந்த ஊட்ல கடனே இல்லைன்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றார். இன்னும் இல்லைப்பா, கொடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லிவிட்டார்களே என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

பெரியம்மா மட்டும் கேட்டார்: "அப்ப நாஞ் சொன்னதுல என்ன சாமி தப்பு?"

ராத்திரியெல்லாம் யோசித்தேன், மாமா. இரண்டு விசாரணைக்கும் கேள்விகள் ஒன்றுதான். எவ்வளவு சம்பாதிக்கிறாள், எப்படிச் செலவு செய்கிறாள், நம்பலாமா. ஒன்றில் தேற எதையெல்லாம் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னால் இன்னொன்றில் தோற்க வேண்டியிருக்கிறது. பெரியம்மா என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அன்பாகத்தான் பேசினார். வயதில் மூன்று குறைத்தார், சம்பளத்தில் இருபதாயிரம் குறைத்தார், வேலையை எடுத்தார், போனை எடுத்தார். கடைசியில் அவர் புகழ்ந்த பெண்ணைப் பார்த்தேன். நல்ல பெண். நானாக இருந்தாலும் அவளுக்குக் கார்டு கொடுத்திருக்க மாட்டேன்.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நான் பெரியவளான போது செய்த சீரில், தாய்மாமனாக நீங்கள் என் பெயரில் ஐம்பதாயிரம் வைப்பு போட்டீர்கள். பாலத்துக்குப் பக்கத்து வங்கியில். பாதுகாவலர் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேனா எழுதாமல் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தீர்கள். "கண்ணாலத்துக்குச் சாமி" என்றீர்கள். பதினாலு வருடத்தில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். வைப்பு இருக்கிற வங்கியில் அதை ஈடாகக் காட்டினால் கார்டு கொடுப்பார்களாம். வரலாறு கேட்க மாட்டார்கள். சௌமியாவே சொன்னாள், குரலைத் தாழ்த்தி: "யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்க மேடம்."

பணம் அங்கேயே இருக்கும். வட்டியும் ஓடும். நான் ஒழுங்காகக் கட்டினால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஆனாலும் சீரை ஈடு வைப்பது என்றால் அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கும். உங்களுக்கும் அடைக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு டிசைனை முதலில் முடிக்கிறேன் என்கிறேன். அந்தப் போர்வைகளுக்கான பில்லில் என் பெயர் இருக்கும். அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உங்கள் கையெழுத்து வேண்டும். முடியாது என்றால் மனம் நோகாமல் புரிந்துகொள்வேன். எப்படியானாலும் ஞாயிறு வர வேண்டாம்; பதிலை மட்டும் எழுதுங்கள்.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. நீங்கள் துளை போடுகிற இடமெல்லாம் நூறு அடியில் தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அடிக்கு இவ்வளவு என்றுதான் உங்களுக்குக் கூலி என்பதால், அறுநூறு அடியில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
இலக்கியா.

பின்குறிப்பு: இதைப் படம் எடுப்பதற்கு முன், நீங்கள் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம் என வங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் பழைய ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க, பதினெட்டு முடிஞ்சு ஒம்பது வருசமாச்சு. எங்க கணக்குல நீங்க இன்னும் மைனர். மாமன் கையெழுத்து எதுக்குங்க? உங்க பணம். நீங்க போட்டாப் போதும்." போட்டேன். பத்து நாளில் கார்டு வருமாம். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டாம். வாருங்கள், மாப்பிள்ளை இல்லாமலேயே உங்களைப் பார்க்க வேண்டும். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் பாதுகாவலர் என்ற இடத்தில் இருக்கிற பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். ஒரே கோடுதான். பேனா நன்றாகவே எழுதியது. அப்படியும் கொஞ்ச நேரம் பிடித்தது, மாமா.