அடியில் பதுக்கிய சூடு

வெயில் சூட்டைச் சேர்த்துவைக்கும் சூரியக் குளங்களின் செயல்திறனைப் போர்க்கால அடிப்படையில் உயர்த்துவது என்று மேலிடத்தில் தீர்மானமானது. அதன்படி புஜ் பக்கத்துப் பால்பண்ணைக் குளத்துக்கு அதிகாரி தோலக்கியா வந்து இறங்கினார். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் கீம்ஜி ஓடிப்போய் வணக்கம் வைத்தார். அவருடைய பணி நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான்.

தோலக்கியா குனிந்து தண்ணீரில் கையை விட்டார்.

"என்ன கீம்ஜிபாய், ஜில்லுன்னு இருக்கு? சூடு எங்கே?"

"அடியில, சாகேப். அடித்தண்ணி உப்பு ஏறிக் கனமா கிடக்கு. அதுல சேர்ற சூடு மேல வராது. அதைக் குழாய்ல எடுத்துத்தான் பால்கேன் கழுவுறோம்."

"பொதுமக்களோட சூட்டை அடியில பதுக்கி வச்சிருக்கீங்க?"

"பதுக்கல, சாகேப். அதுவா தங்குது."

அந்த நேரம் பார்த்துச் சாயா வந்தது. தோலக்கியா தட்டில் ஊற்றி உறிஞ்சினார், முகம் சுளித்தார். கோப்பையைக் கரண்டியால் கலக்கி, மறுபடி ஊற்றி உறிஞ்சினார், முகம் மலர்ந்தது. ஞானம் எந்தக் கோப்பையில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

"சர்க்கரை அடியில கிடந்தா என்ன செய்வே?"

"கலக்குவேன்."

"குளத்தை ஏன் கலக்கல?"

கலக்கினால் குளம் தொலைந்தது என்று கீம்ஜிக்குத் தெரியும். உத்தரவு யார் பையில் இருக்கிறது என்பதும் தெரியும். உப்பு என்ன கனம், உத்தரவு என்ன கனம்!

"இது எங்க மண்டைக்கு எட்டலையே, சாகேப்," என்றார்.

தேங்காய் உடைத்து, மோட்டார் படகு விட்டு, குளத்தைக் கலக்கித் தள்ளினார்கள். மேலேயும் வெதுவெதுப்பு, கீழேயும் வெதுவெதுப்பு. 'மேல் கீழ் என்ற ஏற்றத்தாழ்வு முற்றாக ஒழிக்கப்பட்டது' என்று அறிக்கை போனது. கீம்ஜி கலக்கல் மேற்பார்வையாளராக நிரந்தரமானார்.

எருமைப்பால் ஊற்றும் ஜீவிபென் வந்து கீம்ஜியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தண்ணியில கேன் கழுவினா பால் புளிக்காம என்ன செய்யும்? எங்க எருமைங்க உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"பொறு ஜீவிபென். சாகேப் யோசிக்கிறார்."

"அதுதான்பா பயமா இருக்கு."

யோசித்து முடித்தார். பால்பண்ணை, மோர்ப்பண்ணையாகத் தரம் உயர்த்தப்பட்டது. 'சூரியனே புளிக்கவைத்த மோர்' என்று போத்தலில் அடைத்தார்கள். அகமதாபாத் சீமாட்டிகள் அதைக் குடித்தால் மேனி மினுமினுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். மோர், பாலைவிட நாலு மடங்கு விலைக்குப் போனது; பால் ஊற்றியவர்களுக்கும் பங்கு வந்தது.

பிறகு ஒரு பொறியாளர் வந்தார். குளத்தைப் பழையபடி அடுக்கடுக்காக நிறுத்தி, கொதிக்கிற தண்ணீர் தருகிறேன் என்றார். நியாயமான மனுஷன். கம்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வாசலை மறித்தவள் ஜீவிபென்.

"வந்த வழியே போயிடு, தம்பி. இந்தக் கேனையெல்லாம் நாறவைக்க நாங்க பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?"